எத்தனை கிலோ குறையும்?

எடை குறைக்கும் சிகிச்சை எதுவானாலும், அதற்கு வருகிறவர் மனத்தில் ஓர் எண் இருக்கும். கேட்டால் சொல்லக் கூச்சப்படுவார், ஆனால் இருக்கும். கல்யாணத்தின்போது இருந்த எடை, முதல் குழந்தைக்கு முந்திய எடை, கல்லூரி நாள் படத்தில் இருக்கும் உடம்பின் எடை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேரி ஃபாஸ்டர், தாமஸ் வாடன் குழுவினர் இந்த எண்ணை முறையாகக் கேட்டு எழுதி, 1997-இல் ஓர் ஆய்வாக வெளியிட்டார்கள். உடல் பருமன் சிகிச்சைக்கு வந்த 60 பெண்கள். சராசரி எடை 99 கிலோ. எவ்வளவு குறைந்தால் கனவு பலித்ததாகும், எவ்வளவு குறைந்தால் சந்தோஷம், எவ்வளவு குறைந்தால் பரவாயில்லை, எவ்வளவோடு நின்றால் ஏமாற்றம் என்று தனித்தனியாகக் கேட்டார்கள். 25 கிலோ குறைந்தால் பரவாயில்லை, 17 கிலோவோடு நின்றால் ஏமாற்றம் என்பது சராசரிப் பதில். 48 வாரச் சிகிச்சை முடிந்தபோது அவர்கள் குறைத்திருந்தது சராசரியாக 16 கிலோ. ஏறத்தாழப் பாதிப் பேர், தாங்களே ஏமாற்றம் என்று குறித்துக் கொடுத்த எடையைக்கூடத் தொடவில்லை.

அறுவை இல்லாமல் 16 கிலோ குறைப்பது மருத்துவர் பார்வையில் அருமையான பலன். இரத்த அழுத்தம் இறங்கும், சர்க்கரை இறங்கும், மூச்சு வாங்காமல் மாடி ஏறலாம். அதே பலனோடு அந்தப் பெண்கள் தோற்றுப்போன மனத்துடன் வீடு திரும்பியிருக்கிறார்கள் என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. உடம்பு தன் வேலையைச் செய்துவிட்டது. எண்தான் தவறாக இருந்தது.

அறுவை செய்துகொள்கிறவரின் எண் இன்னும் பெரியதாக இருப்பது இயல்பு. பணம் கட்டியாயிற்று, பயத்தைக் கடந்து மேசையில் படுத்தாயிற்று. இனி உடம்பு கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றும். எடைக்குறைப்பு அறுவைகளில் எதிர்பார்ப்புக்கும் பலனுக்கும் இடையில் மிகப் பெரிய பள்ளம் விழுந்தது கேஸ்ட்ரிக் பேண்ட் எனப்படும் இரைப்பைப் பட்டையில்தான். அதில் உண்மையில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதே இந்த அத்தியாயம்.

பட்டையின் கதை

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி ஒரு சிலிக்கோன் வளையத்தை மாட்டுகிறார்கள். வளையத்தின் உட்புறம் ஊதிச் சுருக்கக்கூடிய மெல்லிய பை. அதிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டு, வயிற்றுத் தோலுக்கு அடியில் பதித்த ஒரு சிறு அறையில் முடிகிறது. அந்த அறைக்குள் ஊசி வழியாக உப்புநீரைச் செலுத்தினால் வளையம் இறுகும். உறிஞ்சி எடுத்தால் தளரும். இரைப்பையை வெட்டுவதில்லை, குடலை மாற்றித் தைப்பதில்லை. வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

இப்படி இறுக்கித் தளர்த்தக்கூடிய பட்டையை 1980-களின் நடுவில் ஸ்வீடனில் ஹால்பெர்க், ஃபோர்செல் ஆகியோரும், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உக்ரைனியரான லுபோமிர் குஸ்மாக்கும் தனித்தனியாக உருவாக்கினார்கள். அப்போது வயிற்றைத் திறந்துதான் பொருத்த வேண்டும். 1993 செப்டம்பரில், எத்தியோப்பியாவில் பிறந்து பெல்ஜியத்தில் அறுவை மருத்துவரான மிதிகு பெலாச்செவ், ஹுய் என்ற சிறு நகரத்தில் லேப்ராஸ்கோப்பி முறையில் இதைப் பொருத்திக் காட்டினார். சில சிறு துளைகள் போதும் என்றானதும் பட்டை உலகெங்கும் பரவியது. 2001-இல் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லேப் பேண்ட் என்ற பெயரில் விற்கப்பட்ட பட்டைக்கு அனுமதி தந்தது. 2008-இல் உலகில் நடந்த எடைக்குறைப்பு அறுவைகளில் ஏறத்தாழ 42 சதவீதம் பட்டைதான். பத்தே ஆண்டுகளில் அமெரிக்காவில் அது நூற்றில் ஒன்று என்ற அளவுக்குத் தேய்ந்தது. இடையில் நடந்ததைப் புரிந்துகொள்ள, முதலில் பட்டை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

வயிறு சின்னதாகிவிடும், இடமில்லாததால் சாப்பிட முடியாது என்பது பரவலான எண்ணம். ஆரம்பத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் பால் ஓப்ரையன் குழுவினர் பட்டை கட்டியவர்கள் சாப்பிடும்போது உள்ளே நடப்பதைப் பதிவு செய்து பார்த்தார்கள். சரியான அளவில் இறுக்கப்பட்ட பட்டைக்கு மேலே உணவு தேங்கி நிற்கவில்லை. ஒவ்வொரு கவளத்தையும் உணவுக்குழாயின் தசைகள் பலமுறை பிழிந்து பிழிந்து பட்டையைத் தாண்ட வைக்கின்றன. ஒரு கவளம் தாண்ட ஒரு நிமிடம்கூட ஆகலாம். ஒவ்வொரு பிழிதலிலும் இரைப்பையின் மேல்விளிம்பில் அழுத்தம் விழுகிறது. அந்த அழுத்தச் செய்தியை வேகஸ் நரம்பு மூளைக்குக் கொண்டுபோகிறது என்றும், கொஞ்சம் சாப்பிட்டதும் போதும் என்ற உணர்வு அதனால்தான் வருகிறது என்றும் அந்தக் குழுவினர் விளக்கினார்கள். பட்டை தருவது அந்த உணர்வு ஒன்றைத்தான். சிறு சிறு கவளமாக, நன்றாக மென்று, ஒன்று இறங்கிய பிறகு அடுத்ததை எடுத்து, போதும் என்று தோன்றியதும் நிறுத்துகிறவருக்கு அது உதவும். அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்கிறவருக்கு நெஞ்சில் அடைக்கும், உண்டது மேலே வரும்.

இதனால்தான் எடையும் மெதுவாக இறங்குகிறது. அறுவைக்கு முன் இரண்டு வாரம் போல மிகக் குறைந்த கலோரி உணவு. வீங்கிய கல்லீரல் சுருங்கினால்தான் அறுவை எளிது. பிறகு சில வாரம் நீராகாரமும் கூழும். இந்தக் கட்டத்தில் எடை மடமடவென்று இறங்கும். அதில் கணிசமான பங்கு உடம்பிலிருந்து வெளியேறும் நீர். இதைப் பார்த்து மாதத்துக்கு இத்தனை என்று கணக்குப் போட்டுவிட்டால் மூன்றாம் மாதமே மனம் உடைந்துபோகும். ஏனென்றால் திட உணவு திரும்பும்போது பட்டை இன்னும் இறுக்கப்பட்டிருக்காது. முதல் முறை உப்புநீர் ஏற்றுவது நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான். சரியான இறுக்கம் கிடைக்க இன்னும் சில முறை போக வேண்டும். அந்த இடைவெளியில் பசி பழையபடி எடுக்கும், எடை நிற்கும், சிலருக்கு ஒன்றிரண்டு கிலோ ஏறவும் ஏறும். இது தோல்வி கிடையாது. இந்தச் சிகிச்சையின் போக்கே இதுதான். இறுக்கம் சரியான பிறகு வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ குறைவது நல்ல வேகம். இரைப்பை பைபாஸ் அறுவை செய்தவர் ஒன்று, ஒன்றரை ஆண்டில் தொடும் அடிமட்டத்தை, பட்டை கட்டியவர் தொட இரண்டு ஆண்டோ, மேலுமோ ஆகலாம். ஒரே மாதத்தில் அறுவை செய்துகொண்ட இரண்டு உறவினர்கள், ஒருவர் பைபாஸ், ஒருவர் பட்டை, ஒருவரையொருவர் பார்த்து எடை ஒப்பிடுவது வேண்டாம்.

சதவீதம் செய்யும் மயக்கம்

மருத்துவமனைச் சிற்றேடுகளில் 50 சதவீதம், 60 சதவீதம் என்ற எண்களைப் பார்த்திருப்பீர்கள். நூறு கிலோ இருக்கிறவர் அதைப் படித்து, ஐம்பது கிலோவாகிவிடலாம் என்று நினைத்துக்கொள்கிறார். அந்தச் சதவீதம் மொத்த எடையில் கிடையாது, மிகை எடையில். அதாவது, உயரத்துக்கு ஏற்ற எடையைவிட எத்தனை கிலோ கூடுதலாக இருக்கிறதோ, அந்தக் கூடுதலில் எத்தனை பங்கு போயிற்று என்ற கணக்கு. உயரத்துக்கு ஏற்ற எடை என்று பொதுவாக பி.எம்.ஐ. எனும் உடல் நிறைக் குறியீடு 25 வரும் எடையை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உயரம் 160 செ.மீ., எடை 110 கிலோ உள்ள ஒரு பெண். அவர் பி.எம்.ஐ. 43. இந்த உயரத்துக்கு பி.எம்.ஐ. 25 என்றால் 64 கிலோ. ஆகவே மிகை எடை 46 கிலோ. அதில் 47 சதவீதம் குறைகிறது என்று வையுங்கள். ஏன் 47 என்று பிறகு சொல்கிறேன். ஏறத்தாழ 21.6 கிலோ. அவர் 88 கிலோ சொச்சத்தில் வந்து நிற்பார். பி.எம்.ஐ. 34.5. மருத்துவ அகராதிப்படி அவர் இன்னும் உடல் பருமன் உள்ளவர்தான். 47 சதவீதம் என்று காதில் விழுந்தது, மொத்த எடையில் பார்த்தால் 20 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு.

அதே உயரத்தில் 90 கிலோ இருக்கும் இன்னொரு பெண்ணுக்கு மிகை எடை 26 கிலோ. அவருக்கு 47 சதவீதம் என்றால் 12 கிலோ. 140 கிலோ இருப்பவருக்கு அதே 47 சதவீதம் ஏறத்தாழ 36 கிலோ. ஒரே எண், மூன்று வெவ்வேறு வாழ்க்கை. இன்னொரு சிக்கலும் உண்டு. நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் வருவதால், 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஆசியர்களுக்கு 23, 27.5 என்ற தாழ்ந்த வரம்புகளைக் கவனிக்கச் சொன்னது. 25-க்குப் பதில் 23-ஐ வைத்துக் கணக்கிட்டால், 110 கிலோ பெண் குறைத்த அதே 21.6 கிலோ 42 சதவீதமாக இறங்கிவிடும். ஒரு கிராம்கூட மாறவில்லை. மதிப்பெண் மட்டும் குறைந்தது. ஆகவே ஆலோசனைக்குப் போகும்போது சதவீதத்தில் பதில் வந்தால், என் உயரத்துக்கும் எடைக்கும் அது எத்தனை கிலோ என்று கேளுங்கள். மொத்த எடையில் எத்தனை சதவீதம் என்றும் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டியதே இல்லை.

நீண்ட ஆண்டுகளின் கணக்கு

இனி அந்த 47. மெல்போர்னில் ஓப்ரையன் குழுவினர் 1994 முதல் 2011 வரை 3,227 பேருக்குப் பட்டை பொருத்தி, அவர்களைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பத்து ஆண்டோ அதற்கு மேலோ ஆகியிருந்த 714 பேரிடம் சராசரியாக மிகை எடையில் 47 சதவீதம் குறைந்த நிலையிலேயே இருந்தது. அறுவையின்போதோ அதையொட்டியோ ஓர் உயிர்கூடப் போகவில்லை. பட்டையைப் பொறுத்தவரை உலகில் கிடைக்கும் சிறந்த பலன்களில் இது ஒன்று. எடை குறைப்பு பத்தாண்டுக்கு மேலும் தாங்கும் என்பதற்கு எந்த உணவுத் திட்டமும் இப்படி ஒரு சான்றைக் காட்டியதாகத் தெரியவில்லை.

அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. பத்தாண்டு கடந்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. பட்டைக்கு மேலுள்ள பகுதி விரிந்துபோவது, குழாயோ தோலடி அறையோ கசிவது, பட்டை இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போவது என்று காரணங்கள் பல. பட்டையை அறவே எடுத்துவிட வேண்டி வந்தவர்கள் 5.6 சதவீதம்.

பிரஸ்ஸல்ஸில் ஜாக் ஹிம்பென்ஸ், கி-பெர்னார் கடியேர் குழுவினர் 2011-இல் தந்த சித்திரம் இன்னும் கடுமையானது. 1994 முதல் 1997 வரை பட்டை பொருத்திய 151 பேரைப் பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு தேடினார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டோரே கிடைத்தார்கள். அவர்களிடம் மிகை எடையில் 43 சதவீதம்போலக் குறைந்திருந்தது. மெல்போர்னோடு பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பட்டை கழற்றப்பட்டிருந்தது. 60 சதவீதம் பேருக்கு மறு அறுவை நடந்திருந்தது. 28 சதவீதம் பேருக்குப் பட்டை அரித்திருந்தது. ஆரம்ப காலத்துப் பொருத்தும் முறை பின்னால் மாறியது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். என்றாலும் அரிப்பில் இந்த வேறுபாடு மிகப் பெரியது, மெல்போர்னில் அது 3.4 சதவீதம்தான்.

மொத்த எடைக் கணக்கில் பேசும் ஆய்வுகளே எனக்கு அதிகம் பயன்படுகின்றன. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய லேப்ஸ் ஆய்வில், ஏழாண்டு முடிவில் பட்டை கட்டியவர்கள் சராசரியாக மொத்த எடையில் 14.9 சதவீதம் குறைந்திருந்தார்கள். பைபாஸ் செய்தவர்கள் 28.4 சதவீதம். 1987-இல் தொடங்கிய ஸ்வீடன் ஆய்வில் பட்டைக் குழுவினர் முதல் ஓரிரு ஆண்டில் 20 சதவீதம் குறைந்து, பத்தாம் ஆண்டில் 14-லும் பதினைந்தாம் ஆண்டில் 13-லும் நின்றார்கள். இறுக்கித் தளர்த்த முடியாத பழைய பட்டைகளும் அதில் சேர்ந்திருந்தன.

இவற்றையெல்லாம் வைத்து என் பதிலைச் சொல்கிறேன். பட்டை பொருத்திக்கொள்ளும் ஒருவர், நல்ல கவனிப்பும் தொடர் வருகையும் இருந்தால், இரண்டு மூன்று ஆண்டில் மொத்த எடையில் 15 முதல் 20 சதவீதம் குறையலாம் என்று நினைத்துக்கொள்வது நியாயமானது. நூறு கிலோவில் பதினைந்திலிருந்து இருபது. அதிலும் ஒரு பகுதி பின்னாளில் திரும்ப ஏறலாம். இது சராசரி. சராசரிக்கு மேலே 30 சதவீதம் குறைத்தவர்களும் இருக்கிறார்கள், ஐந்தைக்கூடத் தாண்டாதவர்களும் இருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் விழுவார் என்று அறுவைக்கு முன்பே துல்லியமாகச் சொல்லும் சோதனை கிடையாது. விளம்பரப் படத்தில் சிரிக்கிறவர் எப்போதும் மேல்பக்கத்து ஆள்.

உடம்பு ஏன் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது?

கட்டுப்பாடு போதவில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுக் குன்றிப்போகிறவர்களுக்காக இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

எடை குறையும்போது உடம்பு அதைப் பஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது. கொழுப்புச் செல்களிலிருந்து வரும் லெப்டின் குறைகிறது. மூளைக்கு அது கையிருப்பு தீர்கிறது என்ற செய்தி. இரைப்பையிலிருந்து வரும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் கூடுகிறது. உடம்பு செலவழிக்கும் ஆற்றலும் சுருங்குகிறது. எடை குறைந்த உடம்புக்கு இயல்பாகவே குறைவாகத்தான் தேவைப்படும். ஆனால் அந்தக் கணக்கையும் மீறிச் சுருங்குகிறது என்று நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லைபெல், ரோசன்பாம், ஹிர்ஷ் மூவரும் 1995-இல் காட்டினார்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் பிரியா சுமித்ரன் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் மனத்தில் தைப்பது. பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் சராசரியாக 13.5 கிலோ குறைத்தவர்களுக்கு, ஓராண்டு கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஓராண்டாகியும் உடம்பு இழந்ததை மீட்கத் துடித்துக்கொண்டே இருந்தது.

ஸ்லீவ் அறுவையில் கிரெலினை அதிகம் சுரக்கும் இரைப்பைப் பகுதியையே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பைபாஸில் உணவு குடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் பசியடக்கும் ஹார்மோன்கள் பெருகுகின்றன. பட்டைக்கு இந்தப் பலம் கிடையாது. அது நரம்பு வழியாக மட்டும் பேசுகிறது. ஆகவே அதன் எடைக்குறைப்பு இவ்விரண்டையும்விடக் குறைவாக இருப்பதும், ஓரிடத்தில் நின்றுபோவதும் நோயாளியின் மனவலிமையைப் பொறுத்த விஷயமாக மட்டும் பார்க்கப்படக் கூடாது.

எடை நின்றதும் இன்னும் இறுக்குங்கள் என்று கேட்பது அடுத்த தவறு. மெல்போர்ன் குழுவினர் இதை மூன்று வண்ணத்தில் விளக்கினார்கள். மஞ்சளில் இரண்டு வேளைக்கு நடுவே பசிக்கும், நிறையச் சாப்பிட முடியும், உப்புநீர் போதவில்லை. பச்சையில் சிறிதளவு உணவு பல மணி நேரம் தாங்கும். சிவப்பில் விழுங்கவே கஷ்டம், வாந்தி, நெஞ்செரிச்சல், படுத்தால் இருமல். சிவப்புக்குப் போனவருக்கு எடை இன்னும் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பலருக்கு ஏறுகிறது. காய்ந்த ரொட்டி, நார் நாரான இறைச்சி, கெட்டிச் சோறு எல்லாம் அடைத்துக்கொள்வதால், அவர்கள் தம்மையறியாமல் வழுக்கி இறங்கும் உணவுக்கு மாறுகிறார்கள்: ஐஸ்கிரீம், மில்க் ஷேக், சாக்லேட். நம் வீடுகளில் பாயசம், அல்வா, சர்க்கரை போட்ட பழச்சாறு. பட்டையால் இவற்றைத் தடுக்க முடியாது. அவர்களுக்குத் தேவை கொஞ்சம் உப்புநீரை எடுத்துத் தளர்த்துவது. அதற்கு மருத்துவமனைக்குப் போக வேண்டும், போனால் எடை பார்ப்பார்கள், திட்டுவார்கள் என்ற கூச்சத்தில் போகாமலே இருந்துவிடுகிறார்கள். பைபாஸைவிடப் பட்டையில்தான் தொடர் வருகை எடைக்குறைப்பைத் தீர்மானிக்கிறது. ஊசி போட்டுச் சரிசெய்ய ஆளில்லாத ஊரில் பட்டை பொருத்திக்கொள்வது வீண்.

அமெரிக்காவில் பட்டை சரிந்ததற்கு இந்தத் தொடர் கவனிப்பு இல்லாமல் போனது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அரை நாளில் வீட்டுக்குப் போகலாம், எளிது, கழற்றிவிடலாம் என்று விற்கப்பட்டது. 2011 பிப்ரவரியில் பி.எம்.ஐ. 30 உள்ளவர்களுக்கும், எடை சார்ந்த நோய் ஒன்றாவது இருந்தால், லேப் பேண்ட் பொருத்தலாம் என்று உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி விரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில், கலிஃபோர்னியாவில் நெடுஞ்சாலைப் பலகைகளில் விளம்பரம் செய்துவந்த அறுவை மையங்களுக்கும் விளம்பர நிறுவனத்துக்கும், அபாயங்களைச் சரிவரச் சொல்லவில்லை என்று அதே கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டி வந்தது. முதியோருக்கான அரசுக் காப்பீட்டின் பதிவேடுகளை வைத்து 2017-இல் வெளியான ஆய்வு, 2006 முதல் 2013 வரை பட்டை பொருத்திய 25,042 பேரில் 18.5 சதவீதம் பேருக்குச் சராசரியாக நான்கரை ஆண்டுக் கண்காணிப்பிலேயே மறு அறுவை நடந்ததைக் காட்டியது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் சராசரியாக 3.8 முறை. பட்டைக்காகச் செலவான காப்பீட்டுப் பணத்தில் பாதியளவு இந்த மறு அறுவைகளுக்கே போயிருந்தது. மறு அறுவைக்கான வாய்ப்பையும் எதிர்பார்ப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளாத யாரும் முழு உண்மையைக் கேட்டவர் ஆகமாட்டார்.

பதினைந்து சதவீதம் என்ன தரும்?

இவ்வளவும் படித்த பிறகு, இதற்காகவா அறுவை என்று கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

ஜான் டிக்சனும் ஓப்ரையனும் மெல்போர்னில் 60 சர்க்கரை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பட்டை. மறு பாதிக்கு வழக்கமான உணவு, உடற்பயிற்சிச் சிகிச்சை. இரண்டாண்டு முடிவில் பட்டைக் குழுவில் 73 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் தணிந்திருந்தது, மற்றக் குழுவில் 13 சதவீதம். 2008-இல் வெளியான அந்த ஆய்வில் பட்டைக் குழு குறைத்தது மொத்த எடையில் 20.7 சதவீதம். சேர்க்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் நோய் வந்து இரண்டாண்டுக்கும் குறைவு என்பதை மறக்கக் கூடாது. பதினைந்து ஆண்டாக இன்சுலின் போடுகிறவர் இதே பலனை எதிர்பார்க்க இயலாது.

முழங்கால் மூட்டுவலிக்கு இன்னும் எளிய கணக்கு. எடையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மீது விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் அளந்து சொல்லியிருக்கிறார்கள். 15 கிலோ குறைந்தவருக்கு அடிக்கு 60 கிலோ.

ஸ்வீடன் ஆய்வுதான் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது. அறுவை செய்துகொண்ட 2,010 பேரில், வேறு காரணங்களைக் கழித்த பிறகும், அறுவை செய்துகொள்ளாதவர்களைவிட இறப்பு அபாயம் ஏறத்தாழ 29 சதவீதம் குறைந்திருந்தது. அந்த 2,010 பேரில் பைபாஸ் செய்தவர்கள் 265 பேர்தான். மற்ற 1,745 பேரும் பட்டை கட்டியவர்கள், அல்லது இரைப்பையைச் செங்குத்தாகத் தைத்துச் சுருக்கும் பழைய அறுவை செய்துகொண்டவர்கள். நீண்ட கால நோக்கில் அவர்கள் தக்கவைத்தது 13 முதல் 18 சதவீதம். கண்ணாடி முன் நின்று ஏமாந்திருக்கக்கூடிய அந்த உடம்புகள் கூடுதல் காலம் வாழ்ந்தன.

2021-இல் செமாக்ளூடைட் ஊசியின் ஆய்வு வெளிவந்தபோது, 68 வாரத்தில் 14.9 சதவீத எடைக்குறைப்பு என்று உலகமே கொண்டாடியது. லேப்ஸ் ஆய்வில் பட்டை ஏழாம் ஆண்டில் காட்டிய அதே எண். ஒன்றில் அது வெற்றி, மற்றொன்றில் தோல்வி என்று பெயர் வாங்கியது. பைபாஸோடு ஒப்பிட்டு அளந்ததால் பட்டை தோற்றது. முந்தைய மாத்திரைகளோடு ஒப்பிட்டு அளந்ததால் ஊசி வென்றது. 2022-இல் டிர்செபடைட் 20 சதவீதத்தைத் தாண்டியது. இவ்வகை எடைக்குறைப்பு ஊசிகள் 2025-இல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. ஊசியை நிறுத்தினால் ஓராண்டுக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி ஏறுகிறது. பட்டையைக் கழற்றினாலும் எடை திரும்பத்தான் ஏறும். இரண்டுமே தொடர வேண்டிய சிகிச்சைகள். இன்று புதிதாக ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால், மறு அறுவைக் கணக்கை வைத்துப் பட்டையைப் பரிந்துரைக்க மாட்டேன். ஊசியோ, ஸ்லீவோ, பைபாஸோ எது பொருந்தும் என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேசச் சொல்வேன்.

ஏற்கெனவே பட்டை பொருத்தியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எடை நன்றாக இருந்தாலும் நின்றுவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதனைக்குப் போங்கள். கருவுற்றால் உடனே தெரிவியுங்கள். பட்டையைத் தளர்த்த வேண்டியிருக்கலாம். விடாத வாந்தி, தண்ணீர்கூட இறங்காமை, திடீரென்று கடும் வயிற்றுவலி இவற்றில் எது வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். பட்டை இடம்பெயர்ந்து இரைப்பைக்கு இரத்த ஓட்டம் தடைபடலாம். பட்டை பொருத்துவது அரிதாகிவிட்டதால், அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர் ஒரு பட்டையை நேரில் பார்த்தே இருக்க மாட்டார். உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக வயிற்றில் பட்டை இருக்கிறது என்று சொல்லுங்கள். எந்தப் பக்கத் தோலுக்கு அடியில் ஊசி போடும் அறை இருக்கிறது என்று காட்டுங்கள். அங்கே ஊசி வழியாக உப்புநீரை உறிஞ்சி எடுத்துப் பட்டையைத் தளர்த்துவதுதான் முதல் சிகிச்சை.